படத்தில் தெரியாத முட்டு

அந்த வீட்டைப் பார்த்தீர்களா? இப்போது கடந்து வந்தோமே, வாசலில் போர்ட்டிகோ போட்டிருந்தார்கள். அடியில் வரிசையாகக் கம்பங்கள் நின்றன. அவற்றை நாங்கள் முட்டு என்போம். காங்கிரீட் இறுகித் தன் கனத்தைத் தானே தாங்கும் வரை முட்டுதான் அதைத் தாங்க வேண்டும். முன்பக்கம் தூணே இல்லாமல் வீட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற போர்ட்டிகோ என்றால் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக நிற்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லைதான். எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் புது வீட்டைக் கண்டாலும், அடியில் முட்டு நிற்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பட்டுக்கோட்டைக்குத்தானே? நானும் அங்கேதான். நீதிமன்றத்துக்கு. பயப்பட வேண்டாம், நான் சாட்சி மட்டும்தான். அடைக்கலம் என்று ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி. காங்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதும், இறுகிய பிறகு அவற்றைப் பிரிப்பதும் அவருடைய வேலை. நேரத்துக்கு முன்பே பிரித்துவிட்டார், அதனால் ஓர் ஆள் இறந்துபோனான் என்று அவர்மேல் வழக்கு. இன்று நான் சொல்வதை வைத்துத்தான் அவர் சிறைக்குப் போவதும் போகாததும் என்கிறார்கள். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவேன். எனக்குப் பொய் வராது. அதையே ஒரு குறை என்பார் என் கணவர்.

என் பெயர் அம்சவேணி. பாலிடெக்னிக் ஒன்றில் பல வருடங்கள் கட்டட வரைகலை சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தில் ஒரு கோடு சாய்ந்தால் முழுத் தாளையும் திரும்ப வரையச் சொல்வேன். பிள்ளைகளுக்கு என்மேல் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. பிறகு தஞ்சாவூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தேன். நிறுவனம் என்று பெரிதாக எண்ணிவிடாதீர்கள். முதலாளி திருஞானம் சார்; அவரே என்ஜினியர், அவரே மேற்பார்வை. அலுவலகத்தில் நான். மற்றவர்கள் எல்லாரும் வேலைத்தளத்தில் இருப்பவர்கள்.

சார் ஒரே நாளில் மூன்று ஊர் அலைவார். எங்கே எது நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. கொத்தனார் வந்து நிற்பார், கம்பி வந்திருக்காது. கம்பி வந்திருக்கும், பிளம்பர் குழாய் பதிக்க மறந்திருப்பார். பூசிய சுவரை மறுபடி கொத்துவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசும். பெரிய நிறுவனங்கள் செய்கிற ஒன்றைச் சாரிடம் எடுத்துச் சொன்னேன். வீட்டை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் முழுமையாகக் கட்டிவிடுவது. கோடு போட்ட பிளான் இல்லை அது. சுவர், தூண், கம்பி, குழாய் எல்லாம் அதனதன் அளவோடு உள்ளே இருக்கும். எதை எந்த வாரம் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே இணைத்துவிட்டால், வாரவாரம் வீடு வளர்வதைத் திரையில் பார்க்கலாம். மாதிரி என்று பெயர். சாரம், முட்டு போன்ற தற்காலிகமான பொருள்களைப் பலர் மாதிரிக்குள் வைப்பதில்லை. நான் வைத்தேன். ஒவ்வொரு முட்டையும் — முட்டு, முட்டு — ஒவ்வொரு கம்பத்தையும் அதன் இடத்தில் நட்டு வைத்தேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பட்டுக்கோட்டைக்கு வெளியே ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில் இருந்தார்கள். அந்த வீட்டைத்தான் முதன்முதலாக மாதிரியை வைத்துத் திட்டமிட்டோம். அட்டவணை கொடுத்தால் வேலையாட்கள் படிக்கமாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை தோறும் மாதிரியிலிருந்து ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். பச்சையாகத் தெரிவது இந்த வாரம் செய்ய வேண்டியது. சாம்பல் நிறம் என்றால் முடிந்தது. வார முடிவில் வீடு படத்தில் இருக்கிறபடி இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

அடைக்கலம் முதல் நாளே கேலி செய்தார். ஃபோனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "ஏன் மேடம், இந்த வீட்டுல சேறு இல்ல, கொசு இல்ல, மழையும் பெய்யல. நாங்க பேசாம இங்கயே குடி வந்துடுறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இது படம் இல்லை மேஸ்திரி, மாதிரி" என்றேன். "சரிங்க மேடம், மாதிரிப் படம்" என்றார். கடைசிவரை அவருக்கு அது படம்தான்.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மந்தமானவர். எதையும் இழுப்பார். ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேட் போட்டுப் பிரிக்க வேண்டிய வாரம் வந்தது. படத்தில் பச்சையாகக் காட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் பலகையும் முட்டும் அப்படியே நிற்கின்றன. பூச்சுக்காரர்கள் சும்மா உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். ஏன் பிரிக்கவில்லை என்றேன். "மழ பேஞ்சுதுங்க மேடம். ஈரம் வாங்கியிருக்கு. இருந்தா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." பூச்சுக்காரர்களில் ஒருவர், "அடைக்கலம் அண்ணன் முட்டுக் குடுத்தா பேரப்புள்ளைங்க வந்துதான் பிரிக்கணும்" என்றார்.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவதும் இல்லை. எல்லாரும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னேன்: "மேஸ்திரி, எப்போது பிரிப்பது என்று உங்கள் மனசு சொல்ல வேண்டியதில்லை. அதைப் படம் சொல்லும். சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்தால் இந்த வேலை உங்களுக்கு இல்லை." அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே பிரிக்கத் தொடங்கினார். சன்ஷேட் ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னதுதான் சரி.

அதற்குப் பிறகு மாடிப்படி விஷயம். படி ஏறித் திரும்புகிற இடத்தில் ஒரு பீம் தலையில் இடிக்கும்படி இருந்ததை மாதிரி எனக்குக் காட்டிக்கொடுத்தது. பலகை அடிக்கும் முன்பே மாற்றச் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் போட்ட காங்கிரீட்டை உடைத்திருக்க வேண்டும். அடைக்கலம் அந்த இடத்தில் நின்று, தன் தலைக்கு மேலே கையை வைத்து வைத்துப் பார்த்தார். அன்று மனிதர் மாறிவிட்டார். "மேடத்தோட படம் தப்பாவாது" என்று கம்பி வளைப்பவரிடம், லாரிக்காரரிடம், டீக்கடையில், எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். திங்கட்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிவைத்துப் படத்தைக் காட்டாமல் வேலையைத் தொடங்கமாட்டார். அவருக்கு வெள்ளெழுத்து, கிட்டத்தில் கண் தெரியாது. அதனால் அவருடைய மச்சினன்தான் ஃபோனை வாங்கிப் பார்த்து, இது பச்சை, இது சாம்பல் என்று சொல்வான். ஒரு மேஸ்திரியை அந்த அளவுக்குப் பழக்குவது எளிதில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரத்தநாடு வந்துவிட்டது. இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

ம், எங்கே விட்டேன்? ஒரே படம் என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு படம், வேலைத்தளத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியாகத்தான் அனுப்பினேன். அதனால் ஒரு ஜன்னலுக்காகப் பெரிய சண்டை வந்தது. மஸ்கட் அம்மா ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார், இவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். அன்றே நிறுத்தினேன். ஒரு வீட்டுக்கு ஒரு மாதிரி, ஒரு மாதிரிக்கு ஒரு படம், எல்லாரும் ஒரே குழுவில் அதையே பார்க்க வேண்டும். இந்த முறையின் உயிரே அதுதான். மாதிரி கட்டப் பழக்குகிற பயிற்சியில் முதல் வகுப்பிலேயே சொல்வார்கள். சாரும் பாராட்டினார்.

ஆனி மாதம் முடியப்போகிறது. வீட்டின் மேல்தளம் எல்லாம் முன்பே முடிந்து பிரித்தாகிவிட்டது. முன்பக்கம் தூண் இல்லாத போர்ட்டிகோ மட்டும் பாக்கி. ஆடி பிறப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்று மஸ்கட்டில் பிடிவாதம். போட்டுவிட்டோம். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல முன்பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்பினேன். போர்ட்டிகோ சாம்பல் நிறத்தில், அடியில் முட்டுகள் வரிசையாக. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் குரல் வாட்ஸப்பில் வந்தது. "என்ன மேடம், வாசல் பூரா கம்பா நட்டு மாட்டுக்கொட்டாய் மாதிரி இருக்கு. எங்க வீட்டாளுங்க எல்லாருக்கும் அனுப்பணும். கொஞ்சம் லட்சணமா அனுப்புங்களேன்." சாரும் கூப்பிட்டு, "அந்தக் கம்பெல்லாம் தெரியாம ஒண்ணு எடுத்து அனுப்பிடுங்க மேடம். அவங்க சந்தோஷப்பட்டுக்கட்டும்" என்றார்.

அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தற்காலிகமான பொருள்கள் எல்லாம் மாதிரியில் ஒரே அடுக்காக இருக்கும். அந்த அடுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் வைக்க ஒரு சொடுக்குப் போதும். வைத்தேன். அழிக்கவில்லை. கவனியுங்கள், நான் எதையும் அழிக்கவில்லை. மாதிரிக்குள் ஒவ்வொரு முட்டும் நட்ட இடத்திலேயே நின்றது. மறைத்தேன், அவ்வளவுதான். படத்தைக் குழுவில் போட்டேன். ஒரே வாரத்துக்கு இரண்டு படம் இருந்தால் குழப்பம் வரும் என்று முதலில் போட்டதை நீக்கியும்விட்டேன். அந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் நான்.

மறுநாள் அடைக்கலத்திடமிருந்து குரல் வந்தது. "மேடம், போர்ட்டிகோவும் படத்துல இருக்கிற மாதிரிதானுங்களா? இப்பத்தானே போட்டோம், அதான் கேட்டுக்கிறேன்." நான் வேறொரு வீட்டின் படிக்கட்டு அளவில் மூழ்கியிருந்தேன். ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சொல்லிச் சொல்லி, தானாக முடிவெடுக்கிற மனிதர் கேட்டுச் செய்கிறவராக ஆகிவிட்டார். உடனே பதில் சொன்னேன். "ஆமாம் மேஸ்திரி. படத்தில் உள்ளபடியே."

நீங்களே சொல்லுங்கள், அதில் என்ன தவறு இருக்கிறது? படம் மாதிரியிலிருந்து வந்தது. மாதிரியில் முட்டு இருக்கிறது. முட்டைப் பிரியுங்கள் — முட்டுகளைப் பிரியுங்கள் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அன்று முற்பகலிலேயே பிரித்திருக்கிறார்கள். அடைக்கலம் வெளிப்பக்கம் நின்று பலகைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மச்சினன் அடியில் நின்று ஒவ்வொரு முட்டாகத் தளர்த்திக்கொண்டு வந்தான். போர்ட்டிகோ சுவரோரமாக மடிந்து அப்படியே இறங்கிவிட்டது. சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டதாம்.

சார்தான் ஃபோனில் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மாதிரியைத் திறந்தேன். மறைத்த அடுக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "சார், மாதிரியில் முட்டு இருக்கிறது" என்றேன். "ஆளு போயிட்டான் மேடம்" என்றார் அவர்.

அவன் பெயர் பங்கிராஸ் என்பதே எனக்குப் போலீஸ் கேட்டபோதுதான் தெரியும். மாதிரியில் ஆட்களின் பெயர் வராது. சென்ட்ரிங் குழு என்றுதான் வரும். மச்சினன், மச்சினன் என்று அடைக்கலம் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அடைக்கலத்தின் ஃபோன் அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிரித்திருக்கிறான். ஃபோனும் அவனோடு நசுங்கிவிட்டது.

போலீஸ் அடைக்கலத்தைக் கூட்டிப்போனது. இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறார். யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. முட்டைப் பிடுங்கி ஆளைக் கொன்றவர் என்று பெயர் வந்துவிட்டால் எந்த வீட்டுக்காரர் கூப்பிடுவார்? சார் அந்த வாட்ஸப் குழுவைக் கலைத்துவிட்டார். எல்லாரிடமும் படங்களை அழித்துவிடச் சொன்னார். மஸ்கட் அம்மா எண்ணையே மாற்றிவிட்டார். அதோடு சார் மாதிரியையும் மூட்டை கட்டிவிட்டார். பழையபடி காகிதப் பிளான், பழையபடி கத்தல், கொத்தல். எனக்குள்ள மனக்குறை அதுதான். நடந்தது மாதிரியின் பிழை என்றால் ஒப்புக்கொள்வேன். மாதிரியில் பிழையே இல்லையே. பிழையில்லாத ஒன்றைத் தண்டித்தால் யாருக்கு நஷ்டம்?

அடைக்கலத்தின் மனைவி சகாயமேரி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். இறந்தவன் அவளுடைய தம்பி. அதைச் சொல்ல வேண்டும். காபி கொடுத்தேன். தொடவில்லை. நின்றுகொண்டே பேசினாள். "என் தம்பியத் திருப்பித் தர முடியாது. இவரையாவது விட்டுருங்கம்மா. பொய்யெல்லாம் சொல்ல வேணாம். படத்துல முட்டு இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"மாதிரியில் இருந்தது சகாயமேரி."

"எங்களுக்கு வந்ததுல இல்லையேம்மா. எந்தம்பி பாத்துட்டுத்தானே சொன்னான், முட்டு இல்லைன்னு. அவரு நம்பாம உங்ககிட்ட வேற கேட்டாரு."

கோபப்பட்டு என்ன பயன்? படிக்காதவள், புரியவைப்பது என் கடமை என்று மடிக்கணினியை எடுத்து வந்தேன். பக்கத்தில் உட்கார வைத்தேன். மாதிரியைத் திறந்து போர்ட்டிகோவைக் காட்டினேன். அடியில் முட்டுகள். "இருக்கிறதா?" என்றேன். "இருக்கு" என்றாள். ஒரு சொடுக்கு. "இப்போது?" "இல்ல." மறுபடி ஒரு சொடுக்கு. "பார்த்தாயா, எங்கேயும் போய்விடவில்லை. இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். இருக்கிறது. இல்லை. இருக்கிறது. அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை பொறுமையாகச் செய்து காட்டினேன். பிறகு எழுந்து போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

நிறுவனத்து வக்கீலும் எனக்கு எதையும் திரித்துச் சொல்லித்தரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். மாதிரியில் முட்டு இருந்ததா? இருந்தது. பிரிக்கச் சொன்னீர்களா? சொல்லவில்லை. இரண்டும் முழு உண்மை. அடைக்கலத்துக்காக ஒரு சின்ன வயசு வக்கீல் வருகிறார். படம், படம் என்பார். படம் எங்கே என்று நீதிபதி கேட்பார். அவரிடம் இருக்காது. என்னிடம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது சாட்சியின் வேலை இல்லை.

இருக்கிறது. நான் வரைந்த எதையும் நான் அழிப்பதில்லை. சார் சொல்லியும் இதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. காட்டட்டுமா? நீங்கள் வெளி ஆள். படித்தவர் மாதிரியும் தெரிகிறீர்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், இதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று. இந்தாருங்கள். வெயில் படாமல் சாய்த்துப் பிடியுங்கள். சுவரில் நிழல் விழுவதைப் பாருங்கள், அந்த மாதத்துச் சூரியன் எந்தக் கோணத்தில் நிற்குமோ அதே கோணத்தில் விழவைத்திருக்கிறேன். கதவில் மரத்தின் ரேகைகூடத் தெரியும். போர்ட்டிகோவின் விளிம்பைப் பாருங்கள். எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது.

என்ன? விரலால் பெரிதாக்கி என்ன தேடுகிறீர்கள்?

எதன் மேல் நிற்கிறது என்றா கேட்கிறீர்கள்?

நான் இவ்வளவு நேரம் சொன்னேனே. இருக்கிறது. அடியில் இருக்கிறது. நீங்கள் பார்க்கிற விதம் சரியில்லை. கொடுங்கள் அதை. கொடுங்கள்.

பஸ் நிலையத்துக்குள் திரும்புகிறது. கொஞ்சம் உட்காருங்கள், அவசரப்பட வேண்டாம். அதோ, டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில், நீலப் புடவை. அவள்தான் சகாயமேரி. எந்த பஸ்ஸில் வருவேன் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறாள் போலிருக்கிறது. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இளைத்துவிட்டார்.

நீங்கள் முன்படியில் இறங்குங்கள். நான் கூட்டத்தோடு பின்படியில் இறங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி. உங்களை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அப்படி யாராவது கேட்டால், இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.